ஓவர்ஹோல் செய்த ஒட்டோ கியர் மறுபடியும் கரைச்சல் கொடுத்தால்...

லொறி வைத்துத் தொழில் செய்பவருக்கு கியர் பொக்ஸ் பழுதாவது ஒரு நட்டம். அதை ஓவர்ஹோல் செய்து, காசைக் கட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்த இரண்டாவது கிழமையே மறுபடியும் இழுக்காமல் நின்றால் அது இரண்டு நட்டம். பணம் ஒரு பக்கம் போக, கராஜ்காரருக்கும் லொறிக்காரருக்கும் இடையில் இருந்த நம்பிக்கையும் போய்விடுகின்றது. பதுளையில் உதிரிப்பாக வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருப்பவன் என்ற வகையில் இவ்வாறான சண்டைகள் பலவற்றை எனது கடையின் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கின்றேன். அவற்றில் கணிசமானவை தேவையே இல்லாத சண்டைகள். கோளாறு கியர் பொக்ஸின் உள்ளே இருக்கவில்லை, வெளியே இருந்தது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகின்றேன்.

ஏன் இப்போது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது மீண்டும் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். இடையில் 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தாண்டியது. கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள் யாராலும் புது லொறி எடுக்க முடியவில்லை. இருந்த லொறியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், இருப்பதைத் திருத்திக்கொள்வதே மேல் என்றுதான் பலரும் நினைக்கின்றார்கள்.

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த சிறிய லொறிகளில் ஒட்டோ கியர் உள்ளவையும் உண்டு. பழைய மெனுவல் கியர் பொக்ஸ் என்றால் ஊரிலுள்ள பாஸ்மாருக்கு அது கைவந்த கலை. ஒட்டோ கியர் அப்படியல்ல. அதைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் ஊவாவில் மிகக் குறைவு. ஆகையால் லொறியை வேறு மாவட்டத்துக்குக் கட்டியிழுத்துச் செல்ல வேண்டும், அங்கு கிடத்த வேண்டும், மறுபடியும் கொண்டு வர வேண்டும்.

லுணுகலையில் நடந்தது

லுணுகலையைச் சேர்ந்த ஒரு சகோதரர் டொயோட்டா டைனா லொறி ஒன்றை வைத்திருக்கின்றார். நான்கு கியர் கொண்ட ஒட்டோ வண்டி. சிறு தேயிலைத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து சேர்த்து தொழிற்சாலைக்குக் கொடுப்பது அவருடைய பிரதான வேலை. கொழுந்து காத்திருக்காது. பறித்த அன்றே சேர்க்க வேண்டும். சாக்கில் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், பிறகு தொழிற்சாலை ஏற்காது. லொறி ஒரு நாள் நின்றால் அவருடைய வருமானம் மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் தோட்டக்காரர்களின் அன்றைய உழைப்பும் போய்விடும். போதாததற்கு லீசிங் தவணையும் இருக்கின்றது.

வண்டியில் கியர் வழுக்கத் தொடங்கியதும் வெளியூர் கராஜ் ஒன்றில் கொடுத்து ஓவர்ஹோல் செய்தார். கிளட்ச் பிளேட்டுகள், சீல்கள், பில்டர் எல்லாம் மாற்றியதாகப் பில் கொடுத்தார்கள். பத்து நாட்கள் நன்றாக ஓடியது. அதன் பின்னர் காலையில் சரியாக இழுக்கும் லொறி, பிபிலைப் பக்கமிருந்து பாரத்தோடு ஏறும்போது பாதி வழியில் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராமல் நிற்கத் தொடங்கியது. அரை மணித்தியாலம் ஓய்வு கொடுத்தால் மறுபடியும் இழுக்கும். மீட்டரில் ஓவர்டிரைவ் விளக்கு இடையிடையே மின்னி மின்னி எரிந்தது.

கராஜில் சொன்னால், “மறுபடியும் கழற்றிப் பார்க்க வேண்டும், பிளேட் எரிந்திருக்கும், கூலியும் சாமானும் நீங்கள்தான் தர வேண்டும்” என்றார்களாம். அவர் என்னிடம் வந்து, “நானா, இன்னொருக்கா கழட்டச் சொல்றாங்க. முந்தின காசே இன்னும் கடனாக் கிடக்கு. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். கழற்றுவதற்கு முன்னர் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவற்றை வரிசையாகப் பார்ப்போம் என்றேன். பதுளையில் மின்சார வேலை தெரிந்த ஒரு பாஸையும் அழைத்துக்கொண்டு லுணுகலைக்குப் போனேன்.

ஒட்டோ கியர் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினையும் கியரையும் இணைப்பது ஒயில்தான். டோர்க் கன்வேர்ட்டர் என்ற மூடிய உருண்டைக்குள் ஒயில் சுழல்கின்றது. ஒரு பக்கத்து இறகுகள் தள்ளும் ஒயில் மறுபக்கத்து இறகுகளைச் சுழற்றுகின்றது. ஜேர்மன் பொறியியலாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற உபாயம் இது. அதற்குப் பின்னால் இருக்கும் கியர் பொக்ஸில் ஒரு பம்ப் ஒயிலை அழுத்துகின்றது. அந்த அழுத்தம்தான் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடித்துக் கியரை மாற்றுகின்றது. எப்போது எந்தக் கியர் என்பதைக் கம்பியூட்டர் தீர்மானித்து, சொலினொயிட் என்ற சிறு மின்வால்வுகளைத் திறந்து மூடுகின்றது. சூடாகும் ஒயில் ரேடியேட்டரின் அடியில் உள்ள கூலருக்குள் சென்று ஆறி மறுபடியும் திரும்புகின்றது.

ஆகவே ஒயில், அழுத்தம், மின்சாரம், கூலர் ஆகிய நான்கில் எது பிழைத்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: கியர் வழுக்கும். உள்ளே புதுப் பிளேட் போட்டிருந்தாலும் வழுக்கும். இதை விளங்காமல் வழுக்கியவுடன் கழற்றுவதுதான் நமது நட்டத்தின் ஆரம்பம்.

முதலில் ஒயில்

ஒயில் அளவைக் குளிர்ந்த வண்டியில் பார்க்கக் கூடாது. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாக் கியருக்கும் ஒரு முறை கொண்டுபோய் ‘பீ’யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் குச்சி இல்லை, கைநூலில் வேறு முறை சொல்லப்பட்டிருக்கும். ஓவர்ஹோல் செய்த பெட்டிக்கு இது இன்னும் முக்கியம். கன்வேர்ட்டர் காலியாக இருந்தால் முதலில் ஊற்றிய ஒயிலில் பெரும்பகுதியை அது குடித்துவிடும். ஓட்டிப் பார்த்து மறுபடியும் நிரப்பாவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும். ஏற்றத்தில் இது இன்னும் மோசமாகும். அதற்காக அளவுக்கு மேல் ஊற்றுவதும் பிழை. சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது.

ஒயிலின் வகையையும் பார்க்க வேண்டும். கியர் பொக்ஸ் கேட்கும் வகை கைநூலில் இருக்கும். சிவப்பு நிறம் என்பதற்காக எதையும் ஊற்றினால் கியர் மாறும்போது வண்டி நடுங்கும். நிறமும் மணமும் கதை சொல்லும். கறுத்துக் கருகிய வாசனை வந்தால் சூடு. பால் தேநீர் போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலோடு கலந்திருக்கின்றது. அப்படியானால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் பட்ட பிளேட்டின் உராய்வுப் பூச்சு கழன்றுவிடும்.

நமது சகோதரரின் லொறியில் அளவு சரி. ஆனால் பத்து நாள் ஒயில் இருக்க வேண்டிய சிவப்பு இல்லை. மண்ணிறமாகி இலேசாகக் கருகல் மணமும் வந்தது.

இரண்டாவது மின்சாரம்

மின்னும் விளக்கு என்பது கம்பியூட்டர் நம்மோடு பேசுவது. ஸ்கேனரைப் போட்டால் கோட் இலக்கம் வரும். கியர் பொக்ஸைக் கழற்றிப் பூட்டும்போது பல கனெக்டர்களும் எர்த் கேபிளும் கழற்றப்படும். அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் கம்பியூட்டர் குழம்பிவிடும். சில கோளாறுகளின்போது அது தற்காப்பாக சொலினொயிட்டுகளை நிறுத்திவிட்டு ஒரே உயர் கியரில் வண்டியை ஓட விடும். ஓட்டுபவருக்கு வண்டி இழுக்கவில்லை என்று தோன்றும். பெட்டியில் குறை இருக்காது.

பழைய ரகங்களில் எக்ஸிலேட்டரிலிருந்து கியர் பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அது தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, கியர் சீக்கிரம் மாறி, புதுப் பிளேட்டும் எரியும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கியர் தாமதித்து உதைத்து மாறும். லீவர் கேபிளும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். ‘டீ’ என்று காட்டிக்கொண்டு உள்ளே வால்வு பாதி வழியில் நிற்பதும் உண்டு. பிந்திய ரக வண்டிகளில் பழைய பிளேட்டின் தேய்மானத்துக்கு ஏற்பக் கம்பியூட்டர் பழகி வைத்திருக்கும் அளவுகளை அழித்து, புதிதாகப் பழக விடவும் வேண்டும்.

அன்று ஸ்கேனரில் வேக சென்சரின் கோட் வந்தது. வயரைப் பின்தொடர்ந்த பாஸ், சேசியில் எர்த் கேபிளின் போல்ட் கையால் மட்டும் முறுக்கப்பட்டு, துருவின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். சுரண்டி இறுக்கினார். விளக்கு மின்னுவது நின்றது. ஆனால் ஏற்றத்தில் வழுக்குவது நிற்கவில்லை. ஒரு கோளாறு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவது அழுத்தம்

கியர் பொக்ஸின் பக்கத்தில் அழுத்தம் அளக்க ஒரு சிறிய போல்ட் துவாரம் இருக்கும். அதில் கேஜ் ஒன்றைப் பூட்டி கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். எல்லாக் கியரிலும் குறைவென்றால் பம்ப், பில்டர், அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரு கியரில் மட்டும் குறைவென்றால் அந்தக் கியரின் கிளட்ச் சீல் கசிகின்றது. அப்போது கழற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

ஸ்டோல் சோதனை என்று ஒன்றும் உண்டு. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை முழுமையாக மிதித்து, ‘டீ’யில் எக்ஸிலேட்டரை அழுத்தி எஞ்சின் சுற்று எவ்வளவு ஏறுகின்றது என்று பார்ப்பது. சுற்று கூடினால் கிளட்ச் வழுக்குகின்றது. குறைந்தால் எஞ்சினே பலவீனம், அல்லது கன்வேர்ட்டரின் உள்ளே பழுது. டீசல் பில்டர் அடைத்த வண்டியைக் கியர் பொக்ஸ் பழுது என்று சொல்லிக் கழற்றிய கதையும் எனக்குத் தெரியும். இந்தச் சோதனையை ஐந்து வினாடிக்கு மேல் செய்யக் கூடாது. சரிவான பாதையில் செய்யவே கூடாது. வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தையும் நிற்கக் கூடாது.

நமது லொறியில் குளிர்ந்த நிலையில் அழுத்தம் எல்லாக் கியரிலும் சரியாக இருந்தது. ஓடிச் சூடானதும் எல்லாவற்றிலும் ஒன்றாக இறங்கியது. பிளேட் எரிந்திருந்தால் காலையிலும் வழுக்கியிருக்கும். ஆக, பிரச்சினை சூடு.

நான்காவது கூலர்

பழைய பிளேட் எரிந்தபோது அதன் தூள் எல்லாம் ஒயிலோடு போய்ச் சேர்ந்த இடம் கூலர். பெட்டியைக் கழுவிப் புதுச் சாமான் போடுகின்றோம். கூலர் ரேடியேட்டரோடு வண்டியிலேயே இருந்துவிடுகின்றது. பூட்டி ஓட்டியதும் அந்தப் பழைய குப்பை புதுப் பெட்டிக்குள் வருகின்றது, அல்லது குழாயை அடைத்து ஒயிலை ஆற விடாமல் தடுக்கின்றது.

பார்க்கும் முறை இலகுவானது. கூலரிலிருந்து கியர் பொக்ஸுக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, எஞ்சினை ஓய்வில் அரை நிமிடம் ஓட விட வேண்டும். சுமார் ஒரு லீற்றராவது வர வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. அரை நிமிடத்துக்கு மேல் ஓட விட்டால் பெட்டியில் ஒயில் வற்றிவிடும், எடுத்ததைத் திரும்ப ஊற்றவும் வேண்டும். நமது லொறியில் நூல் போல வடிந்தது. அரை நிமிடத்தில் ஒரு தேநீர்க் கோப்பை நிறையவில்லை.

ஒயிலின் ஆயுள் சூட்டில் இருக்கின்றது. 80 பாகை செல்சியஸ் அளவில் நீண்ட காலம் உழைக்கும் ஒயில், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ பாதி ஆயுளை இழக்கும் என்பார்கள். பாரத்தோடு, குறைந்த வேகத்தில், வளைவுக்கு வளைவு ஏறும் நமது மலைப் பாதையில் கூலர் அடைத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரேடியேட்டருக்கு முன்னால் தனியான கூலர் ஒன்றைப் பூட்டினோம். குழாய்களைக் கழுவி, எண்ணெய்ச் சட்டியை இறக்கினோம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தது, அது வழமைதான். இரும்புத் துகளோ பித்தளைச் செதிலோ இருக்கவில்லை. பில்டரையும் ஒயிலையும் மாற்றினோம். மறுநாள் பாரத்தோடு அதே ஏற்றத்தில் லொறி இழுத்தது, சூடான நிலையிலும் அழுத்தம் இறங்கவில்லை. ஆன செலவு, மறுபடியும் கழற்றுவதற்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் சட்டியை இன்னொரு முறை இறக்கிப் பார்க்கும்படி சொல்லியிருக்கின்றேன்.

சாமான் வாங்கும்போது

வண்டியின் பெயரைச் சொல்லி கியர் பொக்ஸ் சாமான் கேட்காதீர்கள். பெட்டியின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். 1969இல் ஆரம்பமான ஐசின் வோர்னர் கம்பனியின் பெட்டிகள் பல கம்பனிகளின் வண்டிகளில் வந்தன. ஒரே ஐசின் 450-43எல்ஈ பெட்டி இசுசு, மிட்சுபிஷி ஃபூசோ லொறிகளின் சில ரகங்களில் இருக்கின்றது. இலக்கம் தெரிந்தால் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இல்லாதது இன்னொரு பெயரில் அடுத்த கடையில் கிடைக்கும்.

கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே இனமும் அல்ல. இசுசு எல்ஃபில் வரும் ஸ்மூதர் என்பது சாதாரண பற்சக்கரக் கியரோடு தானாக இயங்கும் கிளட்ச். அதற்கு இரண்டு இடங்களில் இரண்டு வகை ஒயில். மிட்சுபிஷி கென்டரில் 2010இல் வந்த டியூவோனிக் இரட்டைக் கிளட்ச் வகை. மேலே சொன்ன சோதனைகள் கன்வேர்ட்டர் உள்ள பெட்டிக்கே பொருந்தும். ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்ய வேண்டாம்.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

நமது சகோதரருக்கும் கராஜுக்கும் இடையில் எழுத்தில் இருந்தது ஒரே வரி, ‘கியர் பொக்ஸ் முழு வேலை’. முழு வேலை என்றால் கூலர் சேருமா, சேராதா? கராஜ்காரர் சேராது என்றார், லொறிக்காரர் சேரும் என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி மார்க்கம் நமக்குச் சொல்லித்தந்திருப்பதன் பெறுமதி இவ்வாறான இடத்தில்தான் விளங்குகின்றது.

வேலை கொடுக்க முன்னர் பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றப்படும் சாமான்கள் எவை, பழையவை திருப்பித் தரப்படுமா? கன்வேர்ட்டர் திறந்து புதுப்பிக்கப்படுமா, பழையதே பூட்டப்படுமா? கூலர் மாற்றப்படுமா, கழுவப்படுமா? உத்தரவாதம் எத்தனை மாதம், எத்தனை கிலோமீற்றர்? உத்தரவாத காலத்தில் கழற்றிப் பூட்டும் கூலியும் கட்டியிழுக்கும் செலவும் யாருடையது? பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுப்பது என்றும் பேசிக்கொள்ளலாம்.

பிணக்கு வந்தால் ஏசிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கின்றது. எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

கராஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழுத்தக் கேஜும் ஸ்கேனரும் ஒரு முறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். வண்டியை வெளியே விடும்போது அளந்த அழுத்தத்தையும் கூலர் ஓட்டத்தையும் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தால் நாளை வரும் சண்டை இன்றே தீரும். நமது பிள்ளைகளில் இத்தொழிலில் ஆர்வமுள்ளோர் மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிநுட்பப் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகப் படித்து வந்தால் ஊவாவில் வேலைக்குப் பஞ்சமிருக்காது.

இறக்கத்தையும் பாருங்கள்

ஏற்றத்தில் இழுக்காவிட்டால் நட்டம் பணம். இறக்கத்தில் பிடிக்காவிட்டால் நட்டம் உயிர். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 பாதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் பசறையில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அதன் காரணங்கள் வேறு. ஆனால் இந்தப் பாதை எவ்வளவு சிறிய தவறையும் மன்னிக்காது என்பதை அது காட்டியது.

ஆகவே ஓவர்ஹோல் செய்த லொறியை முதன்முதலில் எடுக்கும்போது வெறும் வண்டியாக, ஒரு சிறிய இறக்கத்தில் லீவரை ‘2’க்கும் ‘எல்’லுக்கும் இறக்கி, எஞ்சின் வண்டியைப் பிடிக்கின்றதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் பாரம் ஏற்ற வேண்டாம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமுள்ள டிரைவரிடம் லொறியைக் கொடுக்கவும் வேண்டாம். நியூட்ரலில் எஞ்சின் ஓய்வில் ஓட, பம்ப் கொஞ்சமாகவே ஒயில் அனுப்பும். பின்பக்கத் தண்டோ வேகமாகச் சுழலும். பெட்டியும் தேயும், பிரேக்கும் சூடாகிக் கைவிடும். மிச்சம் பிடித்த டீசல் இரண்டுக்கும் ஈடாகாது.